ஆட மறுப்பது யார் கையில்?

அநீதி ஒன்று கண்முன் நடக்கும்போது விளையாட்டு வீரர் களமிறங்கலாமா, ஒதுங்கி நிற்பதுதான் முறையா? 2020 ஆகஸ்ட் 26 அன்று மில்வாக்கி பக்ஸ் கூடைப்பந்து அணி ஆடுகளத்துக்கு வராமல் உடைமாற்றும் அறையிலேயே இருந்துவிட்டபோது உலகம் முழுக்க இந்தக் கேள்வி மீண்டும் பேசப்பட்டது. மூன்று நாள் முன்பு, விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷா நகரில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவரைக் காவலர் ஒருவர் முதுகில் சுட்டிருந்தார். அதற்கான எதிர்ப்பு அது. அடுத்த சில மணி நேரத்தில் மற்ற ஆட்டங்களும் நின்றன.

கேள்வி புதிதல்ல. இந்தியாவில் அதற்கு நூறாண்டு வயது. தென்னாப்பிரிக்க நிறவெறி, இந்துக் கிரிக்கெட் அணிக்குள் சாதி, ஈழப்போரின் இறுதி நாள்கள், காவிரி நீர் என்று காரணங்கள் மாறியிருக்கின்றன. இவற்றில் கண்டிப்பான பொருளில் இன நீதி சார்ந்தது முதலாவது மட்டும்தான். மற்றவற்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், ஒன்றாக்கிவிட முடியாது. இந்த எச்சரிக்கையோடு இதுவரை சொல்லப்பட்ட விடைகளை எடுத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ‘ஆடலாமா, கூடாதா’ என்று ஏராளமாக வாதிட்டிருக்கிறோம். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் யார் என்பதைப் பற்றி வியக்கத்தக்க அளவுக்குக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

‘அரசியல் வேண்டாம்’ என்ற அரசியல்

மிகப் பழைய விடை, விளையாட்டையும் அரசியலையும் கலக்கக் கூடாது என்பது. சர்வதேச ஒலிம்பிக் குழு இதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தது. 1968 அக்டோபரில் மெக்சிகோ நகரப் பரிசு மேடையில் அமெரிக்கக் கறுப்பின ஓட்ட வீரர்களான டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தியபோது, அப்போதைய தலைவர் ஏவரி பிரண்டேஜ் அவர்களை வெளியேற்றச் சொன்னார். ஒலிம்பிக் சாசனத்தின் 50-ஆவது விதி இன்றும் பரிசு மேடையில் ஆர்ப்பாட்டத்தைத் தடுக்கிறது. 2021 டோக்கியோ போட்டிகளுக்கு முன்புதான் ஆட்டம் தொடங்குவதற்கு முன் களத்தில் கருத்தை வெளிப்படுத்த ஓரளவு இடம் தரப்பட்டது.

இந்த நிலைப்பாட்டை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிட முடியாது. பகை நாடுகளின் வீரர்கள் ஒரே வலைக்கு இருபுறமும் நிற்க வேண்டுமானால் சில கேள்விகளை வாசலுக்கு வெளியே விடத்தான் வேண்டும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. களத்துக்கு உள்ளேயே அநீதி இருக்கும்போது ‘அரசியல் வேண்டாம்’ என்ற சொல் அதைக் கட்டிக்காக்கும் சொல்லாகிவிடுகிறது. டர்பனைச் சேர்ந்த இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரர் பப்வா செவ்கோலம் 1963-இல் நேட்டால் ஓபன் பட்டத்தை வென்றார். வெள்ளையர்கள் கிளப் கட்டடத்துக்குள் இருக்க, அவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். கட்டடத்துக்குள் அவரை விட நிறவெறிச் சட்டத்தில் இடமில்லை. அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. அதைப் பார்த்த பிறகு, தென்னாப்பிரிக்காவைப் புறக்கணிப்பவர்கள்தான் விளையாட்டுக்குள் அரசியலைக் கொண்டுவருகிறார்கள் என்று வாதிடுவது கடினமாயிற்று. ‘இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இல்லை’ என்று கேப் டவுனின் கிரிக்கெட் நிர்வாகி ஹாசன் ஹோவா முன்வைத்த கருத்து அந்த நாட்டுக் கறுப்பின, இந்திய விளையாட்டு அமைப்புகளின் அடிப்படைக் கொள்கையாகவே ஆனது.

1920: பல்வாங்கர் சகோதரர்கள்

இந்தியாவில் வீரர்கள் தாங்களே கூடி, தாங்களே காரணம் சொல்லி, ஒரு சமூக அநீதியை எதிர்த்து விலகிய தெளிவான நிகழ்வு கிரிக்கெட்டிலிருந்தே கிடைக்கிறது. அதைப் போதுமான அளவு நினைவில் வைத்திருக்கிறோமா என்பது ஐயம்.

பல்வாங்கர் பாலு தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர். புனேயில் ஆங்கிலேயர் கிளப்பின் மைதான ஊழியராக வேலை பார்த்து, வலையில் வெள்ளை அதிகாரிகளுக்குப் பந்து வீசியே தேர்ந்த இடக்கை சுழற்பந்து வீச்சாளர். அவர் இல்லாமல் வெல்ல முடியாது என்பதால் இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலுவுக்கு மட்டும் கட்டடத்துக்கு வெளியே மண் குவளையில் தேநீர். அவர் கையிலிருந்து புறப்பட்ட பந்தைத் தொட்டால் தீட்டில்லை, அவர் தொட்ட கோப்பைதான் தீட்டு. 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தார். திரும்பி வந்தபின்னும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை.

1920-இல் பம்பாய் நாற்கூட்டுப் போட்டிக்கு அவர் அணியில் சேர்க்கப்படவில்லை. தம்பி விட்டலுக்கு வர வேண்டிய தலைமைப் பொறுப்பும் தாண்டிப் போனது. விட்டலும் இன்னொரு சகோதரர் சிவராமும் விலகினார்கள். சும்மா விலகவில்லை. திறமையைப் பார்க்காமல் சாதியைப் பார்க்கிறார்கள் என்று வெளிப்படையாக எழுதிவிட்டு விலகினார்கள். தீண்டாமை ஒழிப்பைக் காந்தி அரசியல் மேடைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்த காலம் அது. அணி நிர்வாகத்தால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இறுதி ஆட்டத்துக்குள் சமரசமாகி, பாலு துணைத் தலைவராக வந்தார். 1923-இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார்.

இது ஏன் வென்றது? மூன்று காரணங்களைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. கோரிக்கை குறுகலாக இருந்தது. அதை நிறைவேற்றும் அதிகாரம் யாரிடம் கோரப்பட்டதோ அவரிடமே இருந்தது. விலகியவர்கள் இல்லாமல் அணிக்கு நட்டம். இந்த மூன்றும் சேர்ந்து அமைவது அரிது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல்வாங்கர்கள் வென்றதால் கிரிக்கெட்டில் சாதி ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தப் போட்டியே மதவாரியாக அணி பிரித்து நடத்தப்பட்டது. அந்த அமைப்பை அவர்கள் கேள்வி கேட்கவில்லை, அதற்குள் தங்கள் இடத்தைத்தான் கேட்டார்கள்.

1974: நடக்காத இறுதிப் போட்டி

நிறவெறியை எதிர்த்து இந்தியா செய்த மிகப் பெரிய விளையாட்டுத் தியாகத்தின் சுமை சென்னைக்காரர்கள் இருவர் தோளில்தான் பெரிதும் விழுந்தது. விஜய் அமிர்தராஜுக்கு அப்போது இருபது வயது. முந்தைய ஆண்டே விம்பிள்டனிலும் அமெரிக்க ஓபனிலும் காலிறுதி வரை போயிருந்தார். அண்ணன் ஆனந்த் இரட்டையர் ஆட்டத்தில் அவருடைய இணை. 1974 மே மாதம் கல்கத்தா சவுத் கிளப் புல்தரையில் நடந்த டேவிஸ் கோப்பை டென்னிஸ் சுற்றில் இந்திய அணி ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றது. அந்தச் சுற்றில் ஆடப்பட்ட மொத்த கேம்கள் 327. அந்தப் போட்டியில் அப்போது டைபிரேக்கர் இல்லை என்பதால் ஒவ்வொரு செட்டும் இழுத்துக்கொண்டே போனது. டேவிஸ் கோப்பை வரலாற்றில் அது ஒரு சாதனை. பிறகு புனேயில் சோவியத் ஒன்றியத்தை வீழ்த்தி இந்தியா இறுதிக்கு வந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா.

இந்தியா ஆடவில்லை. கோப்பை வாக்ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டி ஆடப்படாமலே முடிவானது அந்த ஒரு முறைதான்.

முடிவின் பின்னணி வலுவானது. 1946-லேயே தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை முறித்து, அங்குள்ள இந்தியர்களை நடத்தும் விதத்தை ஐ.நா.வுக்குக் கொண்டுபோன நாடு இந்தியா. டென்னிஸ் உலகமே 1970-இல் தென்னாப்பிரிக்காவை டேவிஸ் கோப்பையிலிருந்து விலக்கி, பிறகு மீண்டும் சேர்த்துக்கொண்டிருந்தது. இந்தச் சூழலில் இந்திய அரசின் கொள்கைக்கும் டென்னிஸ் சங்கத்துக்கும் வேறு வழி இருந்திருக்குமா என்பது சந்தேகமே. அமிர்தராஜ் சகோதரர்கள் பின்னாளில் பேசியவற்றில் இரண்டு தொனிகளும் உண்டு. முடிவு சரி என்ற ஒப்புதல் உண்டு, கோப்பை கைநழுவிய ஆதங்கமும் உண்டு. இவை முரண்படுவதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இந்தியா மீண்டும் இறுதிக்கு வர 1987 வரை காத்திருந்தது. கோதன்பர்க்கில் சுவீடனிடம் தோற்றது. அதற்குள் விஜய்க்கு முப்பத்து நான்கு வயது.

புறக்கணிப்பை ஆதரிப்போர் 1974-ஐ ஒரு தனிச் சங்கிலியின் கண்ணியாகப் பார்க்கிறார்கள். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கிலிருந்து ஆப்பிரிக்க நாடுகள் திரளாக விலகின. 1977-இல் காமன்வெல்த் நாடுகள், தென்னாப்பிரிக்காவுடன் விளையாட்டுத் தொடர்பைத் தவிர்க்கும் கிளெனீகிள்ஸ் உடன்பாட்டுக்கு வந்தன. லண்டனிலிருந்து இந்தப் பிரசாரத்தை நடத்திய தென்னாப்பிரிக்க இனப்பாகுபாடற்ற ஒலிம்பிக் குழுவுக்குப் பின்னாளில் தலைமை வகித்தவர் சாம் ராமசாமி, டர்பனின் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். 1988-இல் தென்னாப்பிரிக்காவில் ஆடிய வீரர்கள் இருந்த இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்கு இந்தியா விசா மறுத்து, அந்தத் தொடரே ரத்தானது. 1991 நவம்பர் 10 அன்று தென்னாப்பிரிக்கா சர்வதேச கிரிக்கெட்டுக்குத் திரும்பியது கல்கத்தா ஈடன் கார்டனில். இந்த வரிசையைப் பார்க்கும்போது புறக்கணிப்பு வேலை செய்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் நிறவெறி வீழ்ந்ததில் பொருளாதாரத் தடை, உள்நாட்டு எழுச்சி, பனிப்போரின் முடிவு ஆகியவற்றின் பங்கிலிருந்து விளையாட்டின் பங்கைத் தனியே பிரித்து அளக்க முடியாது. ரக்பியும் கிரிக்கெட்டும் உயிராக இருந்த வெள்ளையர்களின் மனத்தில் அது உறைத்தது என்ற அளவில் நிற்பதே நியாயம்.

1974-இன் மிக முக்கியமான பலவீனம் வேறு. விலையைக் கொடுத்தவர்கள் முடிவெடுத்தவர்கள் அல்லர். வீரர்கள் மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டிருந்தாலும்கூட, ‘ஆடுகிறேன்’ என்று சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கவில்லை. வாய்ப்பே இல்லாத இடத்தில் நடந்த விலகலை வீரரின் அறச்செயலாகக் கொள்ளலாமா? அரசின் அறச்செயல் என்பது சரியாக இருக்கும்.

இதன் மறுபக்கம் இலங்கையில் தெரிந்தது. 1982-இல் பந்துல வர்ணபுர தலைமையில் ஓர் அணி, தடையை மீறி, பணத்துக்காகத் தென்னாப்பிரிக்கா போனது. திரும்பி வந்தவர்களுக்கு 25 ஆண்டுத் தடை. அடுத்த ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து போனவர்களுக்கு வாழ்நாள் தடை. அதே அழைப்பை விவியன் ரிச்சர்ட்ஸ் மறுத்தார். கொள்கையைக் காப்பாற்றும் வசதி எல்லா வீரர்களுக்கும் ஒரே அளவில் இல்லை என்பதை இந்தப் பட்டியல் சொல்கிறது. போனவர்களை மன்னிப்பதற்கு அது காரணமாகுமா என்பது தனி விவாதம்.

ஆடித்தான் பேச வேண்டும்

இன்னொரு வலுவான மரபு இதற்கு நேரெதிர்: போ, ஆடு, உன் இருப்பாலேயே பேசு. அமெரிக்கக் கறுப்பின டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் இதன் முக்கியமான முகம். விசா மறுக்கப்பட்டு மறுக்கப்பட்டு, கடைசியில் 1973-இல் ஜோகன்னஸ்பர்க் போய் ஆடினார். பார்வையாளர் இருக்கைகளில் இனப்பிரிவினை கூடாது என்று நிபந்தனை வைத்தார். கறுப்பினச் சிறுவர்கள் முதன்முறையாக ஒரு சுதந்திரமான கறுப்பு மனிதனைப் பார்க்க அது உதவியது என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். ஆட்சிக்கு நற்சான்று கொடுத்துவிட்டார் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். சில ஆண்டுகளில் ஆஷ் தாமே புறக்கணிப்பின் பக்கம் வந்தார், 1985-இல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகம் முன் போராடிக் கைதானார். ஒரே மனிதர் இரண்டு விடைகளையும் நேர்மையாக முயன்று பார்த்தவர் என்பதால் அவரை எந்த அணியும் முழுமையாகச் சொந்தம் கொண்டாட முடியாது.

‘ஆடித்தான் பேச வேண்டும்’ என்ற வாதத்துக்கு நம் மண்ணில் கூடுதல் வலு உண்டு. இங்கே பலருக்கு அணியில் இடம் பிடிப்பதே போராட்டம். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்திய மகளிர் ஹாக்கி அணி தோற்றதும், வந்தனா கட்டாரியாவின் வீட்டின் முன் சிலர் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லி வசைபாடினார்கள். இரண்டு நாள் கழித்து வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அவர் இறங்கி ஒரு கோலும் அடித்தார். அவர் விலகியிருந்தால் வசைபாடியவர்களுக்கு அது வெற்றியாகப் பட்டிருக்கும் என்று எண்ண இடமுண்டு.

சென்னையின் தென்புறநகரில் இன்னும் அண்மையான எடுத்துக்காட்டு இருக்கிறது. துரைப்பாக்கம் அருகே கண்ணகி நகர், நகருக்குள் கால்வாய்க் கரைகளிலும் சாலையோரங்களிலும் இருந்த குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம். அவர்களில் பெரும்பங்கினர் தலித்துகள். முகவரியைச் சொன்னாலே வேலை தர யோசிக்கிறார்கள் என்பது அங்குள்ளவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியின் துணைத் தலைவி கார்த்திகா இந்த ஊர்ப் பெண். ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றுதான் நாளிதழ்கள் எழுதின. ஊர்ப் பெயரை மறைக்காமல் முன்னால் வைத்ததுதான் அந்த வெற்றியின் பேச்சு. இப்படிப்பட்டவரிடம் போய் ‘அநீதியை எதிர்த்து ஆடாமல் இரு’ என்பது, நெடுங்காலம் மூடியிருந்த கதவு அப்போதுதான் திறந்திருக்க, அதை நீயே சாத்திக்கொள் என்பதைப் போன்றது. 

இந்த நிலைப்பாட்டின் குறை, அது எளிதில் ஒரு கட்டளையாக மாறிவிடும் என்பது. ‘விளையாட்டால் பதில் சொல்’ என்று புண்பட்டவரிடம் சொல்பவர்கள் பெரும்பாலும் புண்படாதவர்கள். வென்றால் பேச்சு, தோற்றால் வசை என்றால் அது எப்படி நியாயமான மேடையாகும்? சென்னைக் கிரிக்கெட் வீரர்களான அபினவ் முகுந்த் 2017-லும், எல். சிவராமகிருஷ்ணன் 2021-லும் தோல் நிறத்தை வைத்துத் தாங்கள் பட்ட கேலியைப் பொதுவெளியில் எழுதினார்கள். சிவராமகிருஷ்ணன் எழுதியபோது அவர் ஆட்டத்தை விட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. ஆடிக்கொண்டிருந்த காலத்தில் அவரால் ஏன் சொல்ல முடியவில்லை என்று கேட்டால், ஆடிக்கொண்டே பேசலாம் என்ற வாதம் சற்றுத் தடுமாறும்.

சேப்பாக்கம்: 2013, 2018

தமிழகத்தில் இந்த விவாதம் வேறொரு வடிவம் எடுத்தது. இங்கே வீரர் மறுக்கவில்லை, வீரருக்கு மறுக்கப்பட்டது.

2012 செப்டம்பரில் நட்பு ஆட்டத்துக்காக வந்த இலங்கைப் பள்ளிக் கால்பந்து வீரர்களை அன்றைய முதல்வர் ஜெயலலிதா திருப்பி அனுப்பினார். நேரு விளையாட்டரங்கை அவர்களுக்குத் திறந்துவிட்ட அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 2013 பிப்ரவரியில், இலங்கை பங்கேற்கும் என்பதால் ஆசியத் தடகளப் போட்டியை நடத்த முடியாது என்று மாநில அரசு கைவிரித்தது. போட்டி புனேக்குப் போனது. அதே ஆண்டு மார்ச்சில், இலங்கை வீரர்களும் நடுவர்களும் இல்லாவிட்டால்தான் சென்னையில் ஐபிஎல் என்று முதல்வர் பிரதமருக்கு எழுதினார். ஐபிஎல் நிர்வாகம் உடனே ஒப்புக்கொண்டது.

அந்த நாள்களின் கொதிப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஈழப்போரின் இறுதி நாள்களில் கொல்லப்பட்ட, விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனின் இளைய மகன் பாலச்சந்திரனின் படங்களை சேனல் 4 வெளியிட்டுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் மாநிலம் முழுக்கப் பரவியிருந்தது. தாம்பரத்திலிருந்து கன்னியாகுமரி வரை கல்லூரி வாசல்கள் பந்தல்களாக இருந்த மாதம் அது. கொன்ற அரசின் பெயரைச் சட்டையில் போட்டவர் நம் ஊரில் எப்படிக் கைதட்டல் வாங்கலாம் என்ற கேள்வியில் உணர்ச்சி மட்டும் இருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக உலகம் வைத்த வாதமும் ஏறக்குறைய அதுதான்.

ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தென்னாப்பிரிக்க அணி நிறத்தின் பேரில் தேர்ந்தெடுக்கப்பட்ட அணி. விளையாட்டே குற்றத்தின் உறுப்பாக இருந்தது. ஐபிஎல்லில் இலங்கையர் ஆடியது தங்கள் நாட்டுக்காக அன்று, ஹைதராபாத்துக்கும் டெல்லிக்கும் பெங்களூருக்கும். தடையின் அளவுகோல் கடவுச்சீட்டு மட்டுமே. அதனால்தான், கண்டியில் பிறந்த மலையகத் தமிழர், சென்னையிலேயே திருமணம் செய்தவர், மூன்று ஆண்டுகள் சென்னை அணிக்கே ஆடியவர் முத்தையா முரளிதரன் அந்தத் தடைக்குள் அகப்பட்டார். தமிழருக்காக விதித்த தடை இலங்கை அணியின் மிகப் புகழ்பெற்ற தமிழர் மீது பாய்ந்தது. முரளியின் அரசியல் பேச்சுகள் பலருக்கு ஏற்புடையவை அல்ல என்பது உண்மை. 2020-இல் அவரது வாழ்க்கைப் படத்திலிருந்து விஜய் சேதுபதி விலக நேர்ந்ததற்கும் அதுவே காரணம். ஆனால் 2013 தடை யார் என்ன பேசினார் என்று பார்த்து விதிக்கப்பட்டதல்ல. பிறப்பைப் பார்த்து ஒருவரை விலக்கும் எந்த நடவடிக்கையும், தான் எதிர்க்கும் அநீதியின் சாயலைக் கொஞ்சம் பூசிக்கொள்ளத்தான் செய்கிறது.

2018 ஏப்ரலில் காவிரி மேலாண்மை வாரியம் கோரிய போராட்டத்தின்போது பார்வை உள்ளூர் வீரர்கள் மீது திரும்பியது. வள்ளுவர் கோட்டத்தில் திரையுலகினர் நடத்திய அறவழிப் போராட்டத்தின் நாளில் ரஜினிகாந்த், ஆட்டத்தை நிறுத்த முடியாவிட்டால் சென்னை வீரர்கள் கறுப்புப் பட்டையாவது அணியலாம் என்றார். கவனிக்கப்படாமல் போன நல்ல யோசனை அது. ஆடுவதற்கும் ஆடாமல் இருப்பதற்கும் இடையே ஒரு படி இருக்கிறது என்று சொன்னது. 2003-இல் ஹராரேயில் ஹென்றி ஒலோங்காவும் ஆண்டி ஃபிளவரும் ஜிம்பாப்வே ஜனநாயகத்தின் மரணத்துக்குத் துக்கம் என்று கறுப்புப் பட்டையோடு ஆடியது இதே படிதான். சேப்பாக்கத்தில் ஏப்ரல் 10 அன்று வீரர்கள் வழக்கமான மஞ்சள் சட்டையில் இறங்கினார்கள். ஆட்டத்தின் நடுவே எல்லைக்கோட்டருகே காலணி பறந்து வந்தது. மிச்சமிருந்த உள்ளூர் ஆட்டங்கள் புனேக்குப் போயின, ரசிகர்களை ஏற்றிக்கொண்டு தனி ரயிலும் போனது. எந்த வீரரும் இந்தக் கேள்வியில் தன் கருத்து என்ன என்று சொன்னதாக நினைவில் நிற்கவில்லை. அவர்களிடம் யாரும் முறையாகக் கேட்டதாகவும் தெரியவில்லை.

விலை கொடுப்பது யார்

முடிவு யாருடையது என்பதோடு சேர்ந்தே வருவது, அதன் செலவு யார் தலையில் என்பது. 2020-இல் பக்ஸ் வீரர்கள் செய்தது அவர்களின் ஒப்பந்தப்படி அனுமதியற்ற வேலைநிறுத்தம். ஆனாலும் யாருடைய வேலையும் போகவில்லை. வலுவான வீரர் சங்கம், கோடிக்கணக்கான சம்பளம், வேலை நிறுத்தத்தோடு உடன்பட்ட உரிமையாளர்கள் எல்லாம் பின்னால் இருந்தன. சில நாளில் ஆட்டம் மீண்டும் தொடங்கியது, அரங்குகளை வாக்குச்சாவடிகளாகத் தருவது போன்ற உறுதிமொழிகளோடு. தேசிய கீதத்தின்போது மண்டியிட்டு இனவெறியைத் தனியாக எதிர்த்த அமெரிக்கக் கால்பந்து வீரர் கோலின் கேப்பர்னிக்குக்கு 2016 பருவத்துக்குப் பிறகு எந்த அணியிலும் இடம் கிடைக்கவில்லை. பெண்கள் கூடைப்பந்தில் சம்பளம் பல மடங்கு குறைவு. ஆனாலும் மாயா மூர் இரண்டு பருவங்களை விட்டுக்கொடுத்து, தவறாகச் சிறையில் அடைக்கப்பட்ட ஜோனதன் அயர்ன்ஸின் விடுதலைக்காக உழைத்தார். அயர்ன்ஸ் 2020-இல் வெளியே வந்தார். ஒரு பெயர், ஒரு வழக்கு, ஒரு முடிவு. பல்வாங்கர்களின் குறுகலான கோரிக்கைக்கு நெருக்கமானது இது.

இந்தியாவில் ஆடிக்கொண்டிருக்கும் கிரிக்கெட் வீரர்களுக்குத் தொழிற்சங்கம் கிடையாது. 2019-இல் அமைந்த இந்திய கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. மற்ற விளையாட்டுகளின் நிலை இன்னும் கீழே. தாம்பரம், பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கம் மாலை வெளிச்சத்தில் கபடியும் கைப்பந்தும் ஆடும் பிள்ளைகளின் கனவு பெரும்பாலும் ரயில்வே, காவல்துறை, வங்கி, வருமான வரித் துறை என்று ஏதாவது ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை.  அந்த வேலை கிடைக்கச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு ஆட்டத்தில் இறங்கியிருக்க வேண்டும். வேலை கிடைத்த பின் அவர் அரசு ஊழியர், நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர். ஒரே ஒரு மாநிலப் போட்டியிலிருந்து ஒதுங்கினால்கூட ஒரு குடும்பத்தின் கணக்கு மாறிவிடும். அமெரிக்க வாதங்களை அப்படியே இங்கே இறக்கிவைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

2023-இல் மல்யுத்த வீரர்கள் வினேஷ் போகத், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தது பாலியல் துன்புறுத்தல் புகாருக்காக, இன நீதிக்காக அல்ல. ஆனால் இந்திய வீரர்கள் தாங்களே முடிவெடுத்து, பயிற்சியையும் போட்டிகளையும் விட்டதற்குக் கொடுத்த விலை என்ன என்று அறிய அதைவிட அண்மையான சான்று இல்லை. ஒலிம்பிக் பதக்கம் வென்றவரான சாக்‌ஷி அந்த ஆண்டு முடிவதற்குள் மல்யுத்தத்தையே விட்டார். இதற்கு எதிர்முனையில், 2025 ஜூலையில் இங்கிலாந்தில் நடந்த ஓய்வு பெற்ற நட்சத்திரங்களின் போட்டியில் ஷிகர் தவன் முதலான இந்தியர்கள் பாகிஸ்தானுடன் ஆட மறுத்தார்கள். அரையிறுதியே கைவிடப்பட்டது. அவர்களின் உணர்வை ஐயப்பட வேண்டியதில்லை. ஆனால் அரசும் பெரும்பான்மைக் கருத்தும் வீசும் திசையிலேயே மறுப்பதற்கும், அவற்றை எதிர்த்து மறுப்பதற்கும் செலவு ஒன்றல்ல.

கட்டாயத்தின் சிக்கலை 2021 டி20 உலகக் கோப்பை இன்னொரு பக்கமிருந்து காட்டியது. இனவெறிக்கு எதிராக எல்லா வீரர்களும் மண்டியிட வேண்டும் என்று தென்னாப்பிரிக்க வாரியம் உத்தரவிட்டதும், குவின்டன் டி காக் அன்றைய ஆட்டத்திலிருந்தே விலகினார். பிறகு வருத்தம் தெரிவித்து அடுத்த ஆட்டத்தில் மண்டியிட்டார். தன் குடும்பமே கலப்பினக் குடும்பம், உத்தரவிடப்பட்டதுதான் தன்னை உறுத்தியது என்றார். அதை எவ்வளவு நம்புவது என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. அதே போட்டியில் இந்திய அணியும் பாகிஸ்தானுக்கு எதிராக மண்டியிட்டது. நிர்வாகம் சொன்னதால் செய்தோம் என்றார் விராட் கோலி. அதில் டி காக் அளவுக்குச் சலசலப்பு எழவில்லை. உத்தரவுக்குக் கீழ்ப்பட்ட எதிர்ப்பு எதிர்ப்புதானா என்று அதிகம் பேர் நின்று கேட்கவில்லை.

தீராமல் நிற்பவை

இதுவரையான சான்றுகளைக் கொண்டு சிலவற்றை ஓரளவு துணிந்து சொல்லலாம். விளையாட்டே அநீதியின் உறுப்பாக இருக்கும் இடத்தில் விலகலுக்கு வலு அதிகம். கோரிக்கை குறிப்பாக இருந்தால் பலன் தெரியவாவது தெரியும். கூட்டாக விலகியவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள், தனியாக விலகியவர்களின் கதை பெரும்பாலும் வேறு. இவற்றுக்கு மேல் போக நம்மிடமுள்ள நிகழ்வுகள் போதா.

தீராதவை இன்னும் உண்டு. ஓர் அநீதிக்கு விலகியவர் மற்றொன்றுக்கு ஏன் விலகவில்லை என்ற கேள்விக்கு இதுவரை யாரும் முழுமையான பதில் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவோடு ஆட மறுத்த இந்தியா, தன் மைதானங்களில் சாதி பார்க்கப்படுவதை அதே கண்ணால் பார்த்ததா? தமிழகத்தில் கோயில் திருவிழாக் கபடியில் எந்தத் தெருவின் அணி எந்தத் தெருவில் இறங்கலாம் என்பதில் இன்றும் தகராறு வருகிறது. அந்த அளவில் ஒரு வீரர் மறுத்தால் யாருக்குத் தெரியும், யார் பதில் சொல்வார்கள் என்பதும் ஆராயப்படாதது.

சட்டத்தின் நிலைமையும் கவனிக்கத்தக்கது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் ஒவ்வொரு தேசிய அமைப்பிலும் வீரர் குழுவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நிர்வாகக் குழுவில் வீரர்களுக்கு இடமும் தந்திருக்கிறது. அசாதாரணச் சூழ்நிலையில் ஓர் அணியோ தனி வீரரோ சர்வதேசப் போட்டியில் பங்கேற்பதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அதே சட்டம் மத்திய அரசுக்கும் கொடுத்திருக்கிறது. 1974-இல் கொள்கையாக இருந்தது இப்போது எழுதப்பட்ட அதிகாரம். மனசாட்சியின் பேரில் தானாக ஆட மறுக்கும் வீரருக்கு அதில் வெளிப்படையான பாதுகாப்பு எதுவும் இல்லை. புதிய வீரர் குழுக்களின் முன்னால் அப்படி ஒரு கோரிக்கை வரும்போது அவை என்ன செய்யும் என்பதைப் பார்க்க வேண்டும்.